ஆமாஞ்சாமி சில்லு

விடியற்காலை ஐந்து மணிக்கு நிலவனின் மூச்சு நிற்கும்.

உலகம்மை அதற்கு முன்பே எழுந்து முகம் கழுவிவிட்டு அவன் கட்டிலருகே வந்து உட்கார்ந்துவிடுவாள். எல்லா ஊர்களிலும் இயந்திரங்கள் அன்றைய நாளுக்கான ஒப்புதலைக் கேட்கும் நேரம் அது. அடுக்களையில் மின்னடுப்பின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு சிமிட்டும். வாசல் பூட்டு, தண்ணீர் வடிகட்டி, மொட்டைமாடிச் சூரியத் தகடு எல்லாம் எங்கோ இருக்கும் தத்தம் கம்பெனியிடம், இன்றைக்கு வேலை செய்யலாமா என்று கேட்கும். சரி என்று பதில் வந்ததும் விளக்குகள் பச்சையாகும். அடுப்புக்குப் பதில் வரத் தாமதமானால் காபி தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் நிலவனின் இடுப்பில் கட்டியிருந்த மூச்சூட்டியும் அதே நேரத்தில்தான் கேட்டது. பதில் வரும்வரை அதுவும் சும்மா இருக்கும்.

அந்த இடைவெளியில் அவன் கண்களைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பெட்டிக்குள் சின்னதாக ஒரு 'டிக்'. அவன் நெஞ்சு எழும்பும்.

"இன்னைக்கும் விட்டுட்டான்க்கா" என்று சிரிப்பான் நிலவன்.

தூசிக் காய்ச்சல் வந்த வருடத்தில் மூச்சு நரம்பு செத்துப்போன ஆயிரக்கணக்கானவர்களில் அவனும் ஒருவன். அதற்கு முன்னால் செங்கோட்டையிலிருந்து மலைப்பாதையில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது பேருந்துகள் தாமாகவே ஓடுகின்றன. நெஞ்சுக்குள் கம்பிகளைத் தைத்து, இடுப்பில் தீப்பெட்டிக்கட்டு அளவுக்கு ஒரு பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். பெட்டி ஓடினால் மூச்சு ஓடும். அப்பா அம்மா இல்லாத வீட்டில், அக்கா ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வரும்வரை அவன் சமையலை முடித்து வைத்திருப்பான். இப்படியே ஏழெட்டு வருடங்கள் போயின.

பிறகு, மூச்சூட்டி செய்த கம்பெனி கைமாறியது. வாங்கியவனும் கடையை மூடினான். உங்கள் தயாரிப்பு வரிசைப் பெட்டிகளுக்கான ஒப்புதல் மையம் பங்குனிக் கடைசியோடு நிறுத்தப்படும் என்று ஒரு செய்தி வந்தது. நெஞ்சுக்குள் இருக்கும் கம்பி வேறு எந்தப் பெட்டிக்கும் பொருந்தாது. கம்பியை மாற்ற எந்த மருத்துவமனையும் முன்வரவில்லை. முன்பு மாற்றிக்கொண்ட இரண்டு மூன்று பேரும் மேசையிலேயே இறந்திருந்தார்கள். வழக்குப் போட்டவர்கள் உண்டு. கம்பெனியே இல்லாதபோது வழக்கு யார் மேல் நிற்கும்?

திருநெல்வேலியில், மூச்சூட்டிக்காரர்களின் குடும்பங்கள் கூடிய ஒரு கூட்டத்தில்தான் அவள் எபனேசரைச் சந்தித்தாள். நாசரேத்துக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் படகுகளின் மின்கருவிகளைப் பழுது பார்த்தவர். அவர் மனைவி ஹெப்சிபாவுக்கும் இதே பெட்டி. ஆனால் பிந்தைய வரிசை. அவளுக்கு அடுத்த வருடம் ஆடி வரைக்கும் ஒப்புதல் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் அழுதுவிட்டுக் கலைந்த பிறகு, வெளியே டீக்கடையில் அவர் உலகம்மையிடம் மெல்லக் கேட்டார்.

"டீச்சர், உங்க ஊர்ப் பக்கம் பழைய வீடியோ கேம் கடை எதுவும் உண்டா?"

அவளுக்கு எரிச்சலாக வந்தது. "இப்ப இருக்குத நெலமையில விளையாடவா போறீங்க அண்ணாச்சி?"

"கோவப்படாதீங்க. சொல்லுதேன். ரெண்டாயிரத்து முப்பதுகள்ல வந்த கேம் மிஷின் எல்லாம் கம்பெனியக் கேட்டுட்டுத்தான் ஓடும். காசு போட்டா முதல்ல அங்க கேக்கும், அவன் சரின்னா ஆட்டம் ஆரம்பிக்கும். நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? டூப்ளிகேட் போர்டு போட்டாங்க. கேள்வி வெளியவே போகாது. உள்ளுக்குள்ளயே ஒரு சில்லு உக்காந்துகிட்டு, ஆமா ஓடு, ஆமா ஓடுன்னு பதில் சொல்லும். எதைக் கேட்டாலும் ஆமாதான். அதனால அதுக்குப் பேரே ஆமாஞ்சாமி."

"அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன இருக்கு?"

"பூட்டு ஒண்ணுதான் டீச்சர். கேமுக்குப் பூட்டு செஞ்சவன், பெறகு மூச்சூட்டிக்காரனுக்கும் அதே பூட்டத்தான் வித்திருக்கான். மதுரையில ஒரு அம்மாவுக்கு ஆமாஞ்சாமிய எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. ஒப்புதல் நின்னு வருசமாச்சு. அவங்க மூச்சு நிக்கல."

அவள் டீ கிளாசைக் கீழே வைத்தாள். "அப்படின்னா அதையே பாத்து இன்னும் நூறு செஞ்சிர வேண்டியதுதானே?"

"முடியாது. திருட்டுச் சரக்க இன்னொருத்தன் திருடிரக் கூடாதுன்னு, தொறந்தா அழிஞ்சு போற மாதிரி செஞ்சு வச்சிருக்கானுவ. செஞ்சவன் எவனும் இப்ப உயிரோட இல்ல. செஞ்சது மட்டும் எங்கயாவது கெடக்கும்."

யாருக்கு முதலில் என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. எபனேசர்தான் சொன்னார். "தம்பிக்குப் பங்குனி. எங்க வீட்டுல அடுத்த ஆடி. மொதல்ல கெடைக்கது தம்பிக்கு, ரெண்டாவது அவளுக்கு. சேந்து தேடுவோம்." அவர் அதை ஒரு விட்டுக்கொடுத்தலாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி விழுந்தது, அவ்வளவுதான் என்பதுபோலச் சொன்னார்.

தேடல் எளிதாக இல்லை. உரிமச் சட்டம் வந்த காலத்தில் அந்தக் கள்ளப் பலகைகளையெல்லாம் பிடித்துத் தெருவில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றியிருந்தார்கள். தப்பியவை பரண்களிலும் பழைய சரக்குக் கிட்டங்கிகளிலும் கிடந்தன. சனி ஞாயிறுகளில் இருவரும் போனார்கள். நிலவனும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தான். கன்னியாகுமரியில் மூடிக்கிடந்த லாட்ஜ் ஒன்றின் மாடியில் வரிசையாகப் பத்து இயந்திரங்கள் நின்றன. திறந்து பார்த்தால் எல்லாம் அசல். அசல்கள் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. சாத்தூரில் ஒரு பொருட்காட்சிக்காரரின் மகன், கள்ளப் பலகை இருக்கிறது என்று சத்தியம் செய்தான். இருந்தது. பழுப்பு நிற மலிவுப் பலகை, நடுவே சில்லை மூடிய கறுப்பு மெழுகுத் துளி, எல்லாம் எபனேசர் சொன்ன அடையாளப்படியே. ஆனால் துளி விரிசல் விட்டிருந்தது. ஈரம் உள்ளே போய்விட்டது. எபனேசர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பங்குனி பிறந்த பிறகுதான் குற்றாலத்துச் செய்தி கிடைத்தது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பெண் இன்னும் ஓர் ஆட்டக்கூடம் நடத்துகிறாள், அதில் ஒரு இயந்திரம் ஓடுகிறது என்று உலகம்மையோடு வேலை பார்க்கும் ஆசிரியை சொன்னாள். அவர்கள் எங்கெங்கோ போய்த் தேட, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் மைதீன் பாத்து. ஐம்பது வயதிருக்கும். அருவியில் குழாய் வைத்து நேரப்படி தண்ணீர் விடுகிற காலம். தண்ணீர் விடும் நேரத்துக்குக் கூட்டம் வரும், பிறகு கலைந்துவிடும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கூடம். ஓடிய இயந்திரம் ஒன்றே ஒன்று. மற்றவற்றின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

திரையைப் பார்த்ததும் நிலவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ஏதோ வெளிநாட்டுக் கார் பந்தய ஆட்டத்தைக் கள்ளப் பலகைக்காரர்கள் நம்மூர் ஆட்டமாக மாற்றியிருந்தார்கள். காருக்குப் பதில் ஒரு சிவப்பு வெளியூர்ப் பேருந்து. மலை மட்டும் வெளிநாட்டு மலையே, உச்சியில் பனி. அந்தப் பனியின் மேல் வரிசையாகப் பனைமரங்களை நட்டுவிட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் நிஜப் பேருந்தின் ஊதுகுழல் அலறியது.

"அக்கா, என் வண்டிக்கா இது!" என்று ஓடிப்போய் உட்கார்ந்தான். வளைவுகளில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டினான். முன்னால் போகிற லாரியைத் திட்டினான். இடம் விடச் சொல்லிக் கையை வெளியே நீட்டினான். உலகம்மை அவனை அப்படிப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எபனேசர் பின்பலகையைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். பழைய ஆட்டங்களைச் சேகரிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்வதாக வழியிலேயே பேசி வைத்திருந்தார்கள். உள்ளே குனிந்தவர் நிமிரும்போது அவர் கண்ணைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துளி முழுசாக இருந்தது.

"கேமுக்காகவா இம்புட்டுத் தூரம் அலையுதீங்க?" என்றாள் மைதீன் பாத்து. ஆனால் அவள் பார்வை நிலவனின் இடுப்பில் இருந்தது. "அந்தப் பொட்டி... எங்க வீட்டு மனுசருக்கும் இருந்துச்சு. அந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும்."

"இருந்துச்சா?"

"போன வருசம் தையில ஒப்புதல் நின்னுபோச்சு. மொத வரிசைப் பொட்டி. காலைல அஞ்சு மணி. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

நிலவன் ஆட்டத்தை விட்டு எழுந்து வந்தான். எபனேசர் உலகம்மையைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். சொல்லாமல் பலகையை வாங்கிப் போவது எளிது. அந்த அம்மாவும் கொடுத்துவிடுவாள்.

"இதுல என்ன இருக்கு?" என்று மைதீன் பாத்து கேட்டாள். "மூச்சுப் பொட்டி போட்ட புள்ளையக் கூட்டிக்கிட்டு கேம் பொட்டி தேடுதீங்கன்னா, இதுல என்னமோ இருக்கு. சொல்லுங்க."

உலகம்மை சொன்னாள். பாடம் நடத்துகிற குரலில், ஒன்றையும் விடாமல், பூட்டிலிருந்து ஆமாஞ்சாமி வரைக்கும். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தாள், நிறுத்த முடியவில்லை.

மைதீன் பாத்து இயந்திரத்தின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இங்ஙனதான் அவுக நாற்காலி" என்றாள். "ஒப்புதல் முடியப் போவுதுன்னு தெரிஞ்ச பெறகு எங்கயும் போவல. இந்த மிஷினு பக்கத்துலயே உக்காந்து புள்ளைங்க விளையாடுததப் பாத்துக்கிட்டு இருப்பாக. இங்ஙனயே இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியலையே. யாரும் சொல்லலையே."

அவள் சத்தம் போட்டு அழவில்லை. மேலே காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மடித்து முடித்த பிறகு, "எடுத்துக்கிடுங்க" என்றாள்.

"அம்மா, உங்க பொழப்பு..."

"இனிமே இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால இங்ஙன உக்கார முடியாது. எடுத்துட்டுப் போயிருங்க."

நிலவன் அவளிடம் போய், "ஒரு தடவை முழுசா ஓட்டிக்கிடட்டுமாம்மா? சில்லை எடுத்துட்டா இது ஓடாது" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் மலையுச்சி வரை ஓட்டினான். உச்சியில் திரை முழுக்கப் பட்டாசு வெடித்தது. யாரும் கைதட்டவில்லை. அவன் எழுந்து, ஓட்டுநர் இறங்கும்போது செய்வதுபோல இருக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எபனேசர் சால்டரிங் சூட்டுக்கோலால் சில்லைப் பெயர்த்தெடுத்தார். நகத்தளவுகூட இல்லை. கால்களை உடைத்துவிடாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பியில் பஞ்சு வைத்து அதைப் படுக்க வைத்தார்.

மறுநாள் நாசரேத்தில், எபனேசரின் வீட்டு மேசையில், சில்லு நிலவனின் பெட்டிக்குள் போனது. செருகி எடுக்கிற மாதிரி ஒரு குழி அமைத்திருந்தார். அவ்வப்போது துடைக்க வேண்டும் என்று, சின்னக் குறட்டால் அதை எப்படிப் பிடித்து எடுப்பது என்று உலகம்மைக்கும் சொல்லிக்கொடுத்தார். ஹெப்சிபா மீன்குழம்பு வைத்திருந்தாள். ஒல்லியான, சிரிக்கும்போது வாயை மறைத்துக்கொள்கிற பெண். "தம்பி இனிமே காலைல நல்லாத் தூங்கலாம்" என்றாள் நிலவனிடம். அவள் இடுப்பிலும் அதே பெட்டி டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சொன்னபடியே ஆயிற்று. பங்குனி முடிந்தது. அவனுடைய வரிசைக்காரர்கள் பலருடைய வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். நிலவன் ஐந்து மணிக்குக் குறட்டை விட்டுத் தூங்கினான். உலகம்மைக்குத்தான் பழக்கம் விடவில்லை. எழுந்து உட்கார்ந்து அவன் நெஞ்சு நிற்காமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதுவே அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது சில்லுக்கான தேடலில் நிலவன்தான் முன்னால் நின்றான். எபனேசரோடு கொடைக்கானல் போனான், நாகப்பட்டினம் போனான், கொல்லம் வரைக்கும் போனான். "ஹெப்சிபா அக்காவுக்குக் கெடைக்காம நான் வீட்டுல உக்கார மாட்டேன்" என்பான். கிடைத்ததெல்லாம் அசல், அல்லது உடைந்தது, அல்லது வேறு யாரோ ஏற்கெனவே பெயர்த்தெடுத்துப்போன பலகை. விஷயம் வெளியே பரவியிருந்தது. எல்லோரும் தேடினார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள், வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய பேருந்தில், நிலவன் தலை வலிக்கிறது என்று ஜன்னலில் சாய்ந்தான். மதுரை வருவதற்குள் அவன் கண்கள் ஒரு பக்கமாகச் செருகியிருந்தன. மூளைக்குள் ரத்தக்கசிவு. எபனேசர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குள் ஓடியதாக அங்கிருந்த செவிலி பிறகு சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் உலகம்மையை அறைக்குள் கூப்பிட்டார். இளம்பெண். நேராகப் பேசினார்.

"மூளைல எதுவும் மிச்சமில்லைம்மா. இனிமே கண்ணு திறக்காது, கேக்காது. இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. மூச்சு மட்டும் ஓடுது, பெட்டி ஓட்டுறதால."

"எத்தன நாள்?"

"இதயம் நல்லா இருக்கு. கஞ்சி குழாய்ல போனா வருஷக்கணக்குல போகலாம்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "முன்னாடி இந்த மாதிரி நேரத்துல நாங்க கம்பெனிக்கு எழுதுவோம். அவங்க ஒப்புதலை நிறுத்திருவாங்க. யார் கையிலயும் பட்ட மாதிரி இருக்காது. இப்போ நிறுத்துறதுக்கு அங்க யாரும் இல்லை. உங்க சில்லுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது."

அவள் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். நீண்ட விடுப்பு எடுத்தாள். குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டாள். முதல் இரண்டு வாரமும் எபனேசர் தினமும் வந்தார். ஹெப்சிபா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை வைத்துவிட்டு, பெட்டியைத் துடைத்துவிட்டுப் போவார். டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்ன அன்று, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதன்பின் வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை.

அவளுக்குக் கோபமாக வந்தது. நல்ல நாளில் கூடவே சுற்றியவர், இப்போது எட்டிப் பார்க்கவில்லையே என்று. சித்திரை போனது, வைகாசி போனது. ஆனி பிறந்தபோது ஒரு நாள், பக்கத்து வீட்டு அம்மாவை நிலவனுக்குக் காவல் வைத்துவிட்டு நாசரேத்துக்குப் பஸ் ஏறினாள். நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள்.

எபனேசர் வீட்டில் இல்லை. ராமேஸ்வரத்தில் ஏதோ பழைய கிட்டங்கி என்று போயிருந்தார். நடுவீட்டில் ஹெப்சிபா பாயில் படுத்திருந்தாள். அவளைச் சுற்றித் தெருப்பெண்கள் நாலைந்து பேர். ஒருத்தி கையில் ரப்பர்ப் பை. அவள் பெட்டியிலிருந்து கம்பியைச் சற்று நேரம் கழற்றிவிட்டு, வாயில் மூடியை வைத்துப் பையைப் பிதுக்கிக் காற்றைச் செலுத்தப் பழகிக்கொண்டிருந்தார்கள். பிதுக்க வேண்டும், விட வேண்டும், பிதுக்க வேண்டும், விட வேண்டும். ஆடிக்குப் பிறகு பகலும் இரவும் முறை வைத்துப் பிதுக்குவதாக ஏற்பாடு. ஒருத்திக்குக் கை வலித்து அடுத்தவளிடம் மாற்றும்போது ஹெப்சிபாவின் முகம் சட்டென்று கறுத்தது.

கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டு எல்லோரும் போன பிறகு ஹெப்சிபா எழுந்து உட்கார்ந்தாள். "எத்தன நாளைக்கு டீச்சர் பிதுக்குவாக, பாவம்" என்று சிரித்தாள். வாயை மறைத்துக்கொண்டுதான். பிறகு, "அவுக உங்க வீட்டுக்கு வாரதில்லன்னு கோவமா இருப்பீங்க. நான்தான் போக வேண்டாம்னு சொன்னேன்."

"ஏன் ஹெப்சி?"

"தம்பியப் பாக்கணும்னு அவுகளுக்கு உயிரு. ஆனா வந்து நின்னா, கேக்க வந்த மாதிரி இருக்கும்லா. வாயத் தொறக்காட்டாலும் கேட்ட மாதிரிதானே. அது கூடாதுன்னேன். அவுகளும் சரின்னுட்டாக."

உலகம்மைக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவரை அந்தக் கணக்கு அவள் மனதில் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வந்திருக்கலாம். வரும்போதெல்லாம் எழுந்துபோய் நிலவனுக்குத் தலை வாரியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தாள். ஒரு முடிவும் எடுக்கவில்லை. நாட்கள் போயின. அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தாடி வளர்ந்தது, நகம் வளர்ந்தது. அவன் காதருகே பேசிப் பார்த்தாள். மலையேறும் பேருந்தின் ஊதுகுழல் சத்தத்தைத் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினாள். இமை அசையவில்லை. அவனுக்கு எது வேண்டும் என்று அவனையே கேட்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஹெப்சிபா அக்காவுக்குக் கிடைக்காமல் வீட்டில் உட்கார மாட்டேன் என்று அவன் சொன்னது உண்மை. ஆனால் அது பஸ் ஏறுகிற அவசரத்தில் சொன்னது. உயிரைக் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை அவன் வாயில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆடி பிறந்து சில நாட்களில், ஒரு முற்பகல், அவனைக் குளிப்பாட்டினாள். முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டி, காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டாள். கதவைச் சாத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனி செய்கிறபோது எவ்வளவு எளிதாக இருந்தது என்று தோன்றியது. எங்கோ ஒரு விளக்கு அணைந்துவிடும். இங்கே இவர்கள் அழுவார்கள், சபிப்பார்கள். சபிக்க ஒரு பெயராவது இருந்தது.

"போதும்டா கண்ணு" என்றாள். சத்தமாகச் சொன்னாள், தன் காதில் விழ வேண்டும் என்று.

பெட்டியைத் திறந்து குறட்டால் சில்லை எடுத்தாள். பஞ்சு வைத்த அந்தப் பழைய பிளாஸ்டிக் டப்பியில் அதைப் படுக்க வைத்தாள்.

எபனேசர் வரும்போது மாலையாகிவிட்டது. வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர், பள்ளி ஆசிரியைகள், பழைய ஓட்டுநர்கள் இரண்டு பேர். மாலையோடு உள்ளே வந்தவர் நிலவனின் கால்மாட்டில் நின்று அழுதார். குழந்தைபோல அழுதார். உலகம்மை அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் டப்பியை எடுத்து நீட்டினாள்.

அவர் பின்னால் நகர்ந்தார். சுவரில் முதுகு இடித்தது.

"டீச்சர்... நான் கேக்கலேல்லா?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க கேக்கல."

"நீங்க வீட்டுக்கு வந்தன்னைக்கு ஹெப்சி ஏதும்..."

"அவளும் கேக்கல. வாங்குங்க."

"நான் வராம இருந்ததே ஒரு வேள..."

"அண்ணாச்சி, இன்னும் எத்தன நாள் இருக்கு அவளுக்கு? வாங்கிக்கிட்டுக் கெளம்புங்க."

அவர் வாங்கினார். கையில் வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைத் தூக்கிவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்தார். சட்டைப் பையில் டப்பியை வைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசல் வழியே நடந்து போனார். இனி அவர் இந்த வீட்டுக்கு வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஹெப்சிபா வாயை மறைத்துச் சிரிப்பதை இனி தானும் பார்க்கப் போவதில்லை. மூவரில் யாராலும் மற்றவர் முகத்தைப் பார்க்க முடியாது.

யாராவது கேட்டிருந்தால், கேட்டார்கள், கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. தம்பி பட்டது போதும் என்று எடுத்தாளா, நாசரேத்தில் ஒருத்தி முகம் கறுத்ததைப் பார்த்து எடுத்தாளா?

உள்ளே அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தூக்கச் சொன்னார்கள். ஆண்கள்தான் குளிப்பாட்டுவது வழக்கம். அவள் தானும் வருவேன் என்றாள், யாரும் மறுக்கவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி, இடுப்பிலிருந்து பெட்டியின் வாரை அவிழ்த்தபோது, அதன் அடியில் வெயிலே படாத தோல் ஒரு பட்டையாக, பிறந்த குழந்தையின் தோல்போல வெளுத்துத் தெரிந்தது. அவள் அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி, அழுத்தாமல், மெல்லத் தேய்த்துவிட்டாள்.